பால் வெட்டிய கால்கள் முடங்கலாமா?

தாய்மார்களே! இருட்டோடு பெரட்டுக்கு வந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய காலத்தில் நமக்குத் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வேலை நின்ற பிறகுதான் தொல்லை. அதிலும் பிள்ளைகளோடு சிங்கப்பூரில் பொங்கோல் மாதிரி இடத்துக்குப் போய்விட்டால், அடுக்குமாடி வீடு, லிப்டு. படி ஏறும் வேலைகூடக் கிடையாது.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. வேலை கொடுக்காத சதையும் கரைகிறது. அப்புறம் குளியலறையில் ஒரு சறுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கைதான். நடக்கும்போது சதை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் நீரிழிவுக்கும் நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதாவது 30 நிமிடமாக 5 நாள் வேக நடை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது கால் பலத்துக்கும், தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி செய்ய வேண்டும். சுவரோரம் போட்ட நாற்காலியில் 10 தடவை உட்கார்ந்து எழுந்திருப்பது நல்ல ஆரம்பம்.

ஆரம்பிப்பது சுலபம், விடாமல் செய்வதுதான் கஷ்டம். அதற்கு எது உதவும்?

முதலாவது, துணை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டால், "இன்னைக்கு வேணாம்" என்று சொல்ல வாய் வராது.

இரண்டாவது, கிட்டத்தில் இடம். பொங்கோலில் 2011-ல் திறந்த நீர்வழிப் பூங்காவில் 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு நீரோடை, அதன் கரையில் நடைபாதை. தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கோயில் வரை போய்வரும் பாதையே போதும்.

மூன்றாவது, கணக்கு. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-ல் காலடி எண்ணும் கருவியும் பரிசும் கொடுத்து மக்களை நடக்க வைத்தது. நமக்குக் காலண்டரில் தினம் ஒரு கோடு போதும்.

நான்காவது, வீட்டார். "பேரப்பிள்ளையை யார் பார்க்கிறது?" என்றே பல தாய்மார்கள் நடையை நிறுத்திவிடுகிறார்கள். மகன்மாரே, மருமக்களே, அந்த அரை மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். நாளைக்கு இடுப்பொடிந்த தாயைத் தூக்கிப் பார்க்கப்போவதும் நீங்கள்தான்.

முட்டிவலி உள்ளவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். வழுக்காத சப்பாத்து போடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகாமல், மடியில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.