காத்திருந்து கண்டுபிடித்தார்கள்!



திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? புறப்பட்ட சற்று நேரத்தில் கங்கைகொண்டான் வரும். புள்ளிமான் சரணாலயம் இருக்கும் ஊர். அந்த வழியாகப் போகும் நான்கு வழிச்சாலையில் லாரியும் பஸ்சும் பைக்கும் நாள் முழுக்கப் பறக்கும். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போகிறவர்களைப் பார்த்தால், எனக்கு ஒரு மாணவன் ஞாபகம் வந்துவிடும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ஒரு நாள் கணக்குப் பாடம் நடக்கும்போது பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. "சார், சாவி! சாவி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நானும் பீரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தேன். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று நினைத்தேன். அது தவறு! பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும்.

"முன்பு எப்போதாவது தலையில் அடிபட்டதா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றார் அவன் அம்மா. வெளியே வந்த பிறகு என்னிடம், "மூணு வருஷத்துக்கு முன்னால சித்தப்பா பைக்கில இருந்து விழுந்தான் சார். ஒரு நாள் முழுக்க நினைவே இல்லை. அதான் அப்பவே சரியாப் போச்சே, இப்ப எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார்.

திரும்பப் போய்ச் சொன்னோம். டாக்டர் முக்கியமாகக் கேட்டது அதைத்தான்! அடிபட்டு மூன்று வருஷம் கழித்து வலிப்பு வருமா?

மூளைக்குள் ஒரு வகுப்பறை

மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் மெல்லிய மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. வகுப்பில் முறைப்படி பதில் சொல்வதுபோல ஒழுங்காக நடக்கும் பேச்சு இது. எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் கத்தினால் வலிப்பு வருகிறது.

தலையில் பலத்த அடிபட்டால் மூளையில் காயம் உண்டாகிறது. காயம் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள செல்கள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. சில இணைப்புகள் தவறாக அமைந்துவிடுகின்றன. இது மெதுவாக, மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நடக்கிறது.

பயந்துவிடாதீர்கள்! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தலையில் அடிபட்ட 4,541 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். லேசான அடிபட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் வலிப்பு நோய் வந்தது 100-க்கு சுமார் 2 பேருக்குத்தான். பலத்த அடி என்றால் 100-க்கு சுமார் 17 பேர்.

படிவம் நிரப்பிய டாக்டர்கள்

வியட்நாம் போரின்போது, 1967 முதல் 1970 வரை, வில்லியம் கேவ்னஸ் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். தலையில் காயம்பட்ட வீரர்களைப் பற்றி, போர்க்களத்து டாக்டர்கள் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். இப்படி 1,200-க்கும் அதிகமான வீரர்களின் விவரம் சேர்ந்தது.

சுமார் 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் 421 பேரைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 53 பேருக்கு வலிப்பு நோய் வந்திருந்தது! குண்டும் உலோகச் சில்லும் மூளைக்குள்ளேயே புகுந்தவர்கள் என்பதால் இவ்வளவு அதிகம். 2000-க்குப் பிறகு மறுபடியும் அழைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு முதல் வலிப்பே, காயம்பட்டு 14 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் வந்திருந்தது. படிவம் நிரப்பிய இளம் டாக்டர்களுக்கு அதற்குள் தலை நரைத்திருக்கும்!

பணம் எங்கிருந்து வரும்?

ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத்தான் பணம் ஒதுக்குவார்கள். நோயோ பத்து ஆண்டு கழித்தும் வரும். அதுவரை டாக்டருக்கும் நர்சுக்கும் சம்பளம், ஸ்கேன் செலவு, வீடு மாறிப் போனவர்களைத் தேடும் செலவு எல்லாம் யார் தருவது?

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? 1990-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தலையில் பலத்த அடிபட்ட 404 பேரைப் பார்த்தார்கள். சிலருக்கு ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தையும், மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் மருந்து நன்றாகவே வலிப்பைத் தடுத்தது. ஆனால் பிறகு வந்த வலிப்புகளை அது தடுக்கவில்லை. ஒரு வாரத்தோடு நிறுத்தியிருந்தால், "மருந்து கிடைத்துவிட்டது" என்று உலகமே ஏமாந்திருக்கும்! வந்த வலிப்பைக் கட்டுப்படுத்த இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. அடிபட்டவருக்கு வலிப்பு நோய் வராமலே தடுக்கும் மருந்து இன்னும் இல்லை.

இதற்காகவே 2015-ல் அமெரிக்க ராணுவத் துறை ஒரு தனி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு ஒதுக்கிய தொகை 75 லட்சம் டாலர்.

நம் தமிழ்நாட்டில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிரைக் காக்க 48 மணி நேரம் மிக முக்கியம். ஆனால் அதன் பிறகு வரும் ஆண்டுகள்? பிழைத்தவர்களை வருஷாவருஷம் விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும். அந்த வேலைக்கும் அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகளும் விடாமல் பணம் தர வேண்டும்.

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பார்கள். பலன் தாமதமாகும் என்று தெரிந்தும் நம் முன்னோர் பனங்கொட்டை ஊன்றினார்களே! அதனால்தானே நாம் நுங்கு தின்கிறோம்? இந்த ஆராய்ச்சியும் பனை மாதிரிதான்.

என் மாணவன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பள்ளிப் படிப்பை நல்லபடியாக முடித்தான். அவன் பக்கத்தில் உட்கார முதலில் பயந்த பிள்ளைகளே, பிறகு மாத்திரையை ஞாபகப்படுத்தினார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியவை

* பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சட்டம் இது.
* தலையில் அடிபட்டுச் சிகிச்சை பெற்றால், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* யாருக்காவது வலிப்பு வந்தால் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கை, கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது.
* இடிக்கும் பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
* கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.