சீ.சீ.என்.ஏ.: வகுப்புக் கடதாசியும் உண்மையான சான்றிதழும்

எனது நாநாவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், கணினி நிலையமொன்றில் சீ.சீ.என்.ஏ. வகுப்புக்குச் சேர்ந்தான். நாநா கட்டணத்தைத் தவணை தவணையாகக் கட்டினார். ஆறு மாதம் முடிந்ததும் தங்கநிற எழுத்தில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதை பிரேம் போட்டுக் கடையில் காசு மேசைக்கு மேலே மாட்டியும் வைத்தார். மகன் கட்டாருக்கு விண்ணப்பித்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. அங்கே கேட்டது சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ். இவன் கையில் இருந்ததோ, வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்று அந்த நிலையம் கொடுத்த கடதாசி. நிலையத்தார் பொய் சொல்லவில்லை, நாநாவும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஒரு சரக்கும் வாங்காத மனிதர் அவர்.

வாப்பாமார் பலர் இன்றும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சீ.சீ.என்.ஏ. என்பது, ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற வலையமைப்புச் சாதனங்களைத் தயாரிக்கும் அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் 1998 இல் தொடங்கிய சான்றிதழ். பரீட்சையை நடத்துவது பியர்சன் வியூ என்ற நிறுவனம். நேரம் 120 நிமிடம். கட்டணம் வரி நீங்கலாக 300 அமெரிக்க டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா என்று கணக்கு வைத்தால் 90,000 ரூபா. இந்தப் பரீட்சைக்கு அமர வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்றோ, உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை எதுவும் இல்லை. அதாவது வகுப்புக் கட்டணம் வேறு, பரீட்சைக் கட்டணம் வேறு. முதலாவதைத் தவிர்க்கலாம், இரண்டாவதைத் தவிர்க்க முடியாது.

அப்படியானால் வீட்டில் எதைக் கொண்டு படிப்பது? வென்டெல் ஓடம் எழுதிய இரண்டு பாக நூல் இத்துறையில் பெயர் பெற்றது. ஜெரமீஸ் ஐ.டி. லாப் என்ற முழுப் பாடத்தொடர் யூடியூபில் இலவசம். பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். 2020 பெப்ரவரியில் பாடத்திட்டம் முழுதாக மாறி, 200-301 என்ற ஒரே பரீட்சையாகிவிட்டது. அதற்கு முந்திய நூல்கள் பழைய கலண்டர் மாதிரி. பரீட்சை தமிழிலோ சிங்களத்திலோ இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராத பிள்ளைக்கு முதல் மூன்று மாதமும் அதிலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாசித்து மட்டும் இதைப் படிக்க முடியாது. கையால் செய்து பழக வேண்டும். முன்பு பாவித்த ரவுட்டர்களையும் ஸ்விட்ச்களையும் வாங்கி வீட்டில் அடுக்கிப் பழகியவர்கள் உண்டு. இப்போது அந்தச் செலவு தேவையில்லை. பெக்கட் ட்ரேசர் என்ற மென்பொருளை சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அகடமி தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சாதாரண மடிக்கணினியில் அது ஓடும். திரையிலேயே ரவுட்டரையும் ஸ்விட்சையும் வைத்து, வயர் இழுத்து, கட்டளை எழுதிப் பார்க்கலாம். பிழை விட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பிள்ளை உண்மையில் படிக்கிறானா என்று தெரியாத வாப்பாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கடையையே கணக்காகக் கொடுங்கள். நம்மில் பலருடைய கடையில் பில் மெஷினும், சீ.சீ.டீ.வி. கமெராவும், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் ஒரே வலையமைப்பில் கிடக்கின்றன. வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவனும் பில் மெஷின் இருக்கும் அதே வலைக்குள் நிற்கிறான். இதைப் பிரித்துத் தா என்று கேளுங்கள். 192.168.1.0 என்ற முகவரித் தொகுதியை நான்காகப் பிரித்தால் பங்குக்கு 64 முகவரி வரும். அவற்றில் முதலாவதும் கடைசியும் சாதனங்களுக்குக் கொடுக்கப்படாதவை என்பதால் மீதி 62. பில்லுக்கு ஒன்று, கமெராவுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. இதைக் கடதாசியில் விரைவாகப் போடத் தெரியாதவன் பரீட்சையில் நேரம் போதாமல் திணறுவான். ஸ்விட்சில் வீ.லேன் போட்டுப் பிரிப்பதோடு வேலை முடிவதும் இல்லை. ரவுட்டர் அந்த நான்கையும் மறுபடி இணைத்துவிடும். வாடிக்கையாளரின் போன் பில் மெஷினை எட்டாதபடி ரவுட்டரில் அணுகல் பட்டியல் எழுத வேண்டும். இதைப் பெக்கட் ட்ரேசரில் செய்துகாட்டினால் பிள்ளை படிக்கிறான் என்று நம்பலாம்.

இந்தச் சந்தையில் கள்ளச் சரக்கும் உண்டு. பரீட்சைக் கேள்விகளையே விடையோடு விற்பவர்கள் இருக்கிறார்கள். மனப்பாடம் செய்து சித்தியடைந்தாலும், அது தெரியவந்தால் சான்றிதழை இரத்துச் செய்யவும், இனிப் பரீட்சை எழுதாதபடி தடுக்கவும் சிஸ்கோவின் விதிகளில் இடமுண்டு. அது நடக்காவிட்டாலும், நேர்முகத்தில் ஒரு ஸ்விட்சைக் காட்டிக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பரீட்சையை நிலையத்துக்குப் போயும் எழுதலாம், கமெரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தும் எழுதலாம். நடுவில் மின்சாரமோ இணையமோ போனால் என்ன செய்வது என்று யோசித்து, நான் நிலையத்தையே சிபாரிசு செய்வேன். இன்னொன்று: பதிவு செய்யும் பெயர் அடையாள ஆவணத்திலுள்ள பெயரோடு பொருந்த வேண்டும். முஹம்மத் என்ற பெயரை அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் நம்மவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நாநாவின் மகன் பிறகு வீட்டிலேயே, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று எட்டு மாதம் படித்தான். முதல் தடவை சித்தியடையவில்லை. கட்டிய 300 டொலரும் போனது. ஐந்து நாட்களுக்குப் பிறகு மறுபடி எழுதலாம், ஆனால் முழுக் கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும். அவன் அவசரப்படாமல் இரண்டு மாதம் கழித்து எழுதி, 2024 இல் சித்தியடைந்தான். இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். ஆகவே 2027 இல் முடிவதற்குள் அவன் ஒன்றில் இன்னொரு பரீட்சை எழுத வேண்டும், அல்லது சிஸ்கோ ஏற்கும் தொடர்கல்வி மூலம் 30 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தச் செலவை நாநா இப்போதே தனியாக எடுத்து வைக்கிறார்.