பழைய ஃபெராரி வாங்கலாமா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் சில மாடல்கள், பதினைந்து இருபது வருடம் ஆனபின் வெளிநாட்டுச் சந்தையில் நல்ல குடும்பக் காரின் விலைக்கு இறங்கி வருவதுண்டு. பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. குறைந்தது காரின் விலை மட்டும்தான். அதற்கு ஆகும் சர்வீஸ் செலவும் ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் இன்றும் ஃபெராரிக்கு உரியவையே.

கார் விஷயம் கம்ப்யூட்டர் இதழில் எதற்கு என்கிறீர்களா? வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான வேலையில் பெரும்பகுதியை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம். இண்டர்நெட் இணைப்பு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம், இவை போதும்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற வருடம் போனில் கேட்டான். "மாமா, ஃபெராரி 360 மொடேனா ஒண்ணு விலைக்கு வருது. வீட்டுக்கு முன்பணமா சேர்த்து வச்சதுல பாதியைப் போட்டா போதும். வாங்கிடவா?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

காரைத் தெரிந்துகொள்ளுங்கள்

360 மொடேனா 1999-ல் அறிமுகமானது. 3.6 லிட்டர் வி8 இன்ஜின், 400 குதிரைத்திறன். இரண்டு வகை கியர்பாக்ஸ்களில் வந்தது. ஒன்று நாம் அறிந்த சாதாரண கியர். மற்றது 'எஃப்1' வகை. இதில் கிளட்ச் பெடல் கிடையாது. ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள நெம்புகோலை இழுத்தால், கம்ப்யூட்டரின் கட்டளைப்படி ஹைட்ராலிக் பம்ப் கிளட்சை இயக்கும்.

செலவு வைக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது டைமிங் பெல்ட். இது ரப்பர் பெல்ட். கார் ஓடாமல் நின்றாலும் இதற்கு வயதாகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பாழாகும். இதற்கு முந்தைய எஃப்355 மாடலில் பெல்ட் மாற்ற இன்ஜினையே வெளியில் இறக்க வேண்டும். 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டது.

இரண்டாவது கிளட்ச். இது எவ்வளவு நாள் வரும் என்பது ஓட்டியவரைப் பொறுத்தது. நெரிசலில் ஊர்ந்தும், மேட்டில் ரிவர்ஸ் எடுத்தும் பழகியவரின் காரில் விரைவிலேயே தேய்ந்துவிடும்.

படி 1: பழைய கதையைத் தேடுங்கள்

பிரிட்டனில் கார் வாங்கி மூன்று வருடம் ஆனபின் ஆண்டுதோறும் 'எம்ஓடி' என்ற தகுதிச் சோதனை செய்ய வேண்டும். இதன் முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காரின் நம்பரை டைப் செய்து என்டர் தட்டினால் போதும். ஒவ்வொரு சோதனையின்போதும் கார் ஓடியிருந்த மைல், எதனால் பெயில் ஆனது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என எல்லாம் வரும்.

மைல் எண்ணிக்கை வருடா வருடம் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் இறங்கினால் மீட்டரில் கை வைத்திருக்கலாம். டிஜிட்டல் மீட்டரை லேப்டாப் கொண்டே மாற்றிவிட முடியும் என்பதால் இந்தப் பட்டியல் முக்கியம். என் தங்கை மகன் முதலில் பார்த்த காரில் மைல் ஒரு வருடம் பன்னிரண்டாயிரம் குறைந்திருந்தது. விற்றவரிடம் சரியான பதில் இல்லை. அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டான்.

காரின் மேல் கடன் பாக்கி உள்ளதா, விபத்தில் சிக்கி இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய காரா என்பதைக் கட்டணம் செலுத்தி அறியும் தளங்களும் உண்டு. சில பவுண்டு செலவுதான். தயங்காதீர்கள்.

படி 2: காரின் கம்ப்யூட்டரைப் படியுங்கள்

இன்றைய கார்களில் இன்ஜினைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதனுடன் பேச, டேஷ்போர்டின் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். 'ஓபிடி-2' என்று பெயர். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம். அதற்கு முந்தைய ஐரோப்பியக் கார்களில் சாதாரண அடாப்டர் பேசாமல் போகலாம்.

இதில் செருகும் புளூடூத் அடாப்டர் மலிவாகவே கிடைக்கிறது. போனிலோ லேப்டாப்பிலோ உரிய புரோகிராமை இயக்கினால் பிழைக் குறியீடுகள் வரும். பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்று பொருள்.

பிழை எதுவும் இல்லை என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். விற்பவர் முதல்நாள்தான் அவற்றை அழித்திருக்கலாம். இதையும் கண்டுபிடிக்கலாம். பிழைகளை அழித்தால், கார் தன்னைத் தானே சோதித்த முடிவுகளும் அழிந்துவிடும். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் காரணம் கேளுங்கள்.

மலிவு அடாப்டருக்கு ஓர் எல்லை உண்டு. எஃப்1 கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்துள்ளது என்பதை அது காட்டாது. அதற்கு டீலரிடமோ ஃபெராரி பழுதுபார்ப்பதில் தேர்ந்த கராஜிலோ உள்ள தனிக் கருவி வேண்டும். அந்த அளவைத் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். போர்ஷே 911 என்றால், இன்ஜின் எல்லை மீறிய வேகத்தில் எத்தனை முறை சுழன்றது என்ற பதிவும் உள்ளே இருக்கும். அதையும் கேட்டு வாங்கலாம்.

படி 3: ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள்

எக்செல் இருந்தால் அது. இல்லையேல் இலவசமான லிப்ரேஆபீஸ் கால்க். ஏ காலத்தில் செலவின் பெயர், பி காலத்தில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, சி காலத்தில் ஒருமுறைக்கு ஆகும் தொகை. டி2 கட்டத்தில் =சி2/பி2 என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து என்டர் தட்டுங்கள். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு வந்துவிடும்.

மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உண்மையான தொகையைக் கராஜில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெல்ட்: 3 வருடத்துக்கு 1,500 பவுண்டு. வருடத்துக்கு 500.
கிளட்ச்: 5 வருடத்துக்கு 3,000. வருடத்துக்கு 600.
டயர்: 4 வருடத்துக்கு 800. வருடத்துக்கு 200.
ஆண்டு சர்வீஸ்: 1,000.
இன்ஷூரன்ஸ்: 900.
வரி, சோதனைக் கட்டணம்: 400.
எதிர்பாராத பழுது: 2,000.

கூட்டினால் வருடத்துக்கு 5,600 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து வருடத்தில் 1,400 மைல் ஓட்டினால், ஒரு மைலுக்கு 4 பவுண்டு. பெட்ரோல் தனி!

கடைசி வரியை நீக்கிவிடாதீர்கள். பழைய சூப்பர் காரில் 'எதிர்பாராத பழுது' என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கார் வாங்கிய பிறகும் ஒரு பெரிய பழுதுக்கான பணம் பாங்கில் மீதி இருந்தால் மட்டுமே வாங்கலாம் என்பது என் கருத்து.

கருவி யாரிடம் இருக்கிறது?

மெக்லாரன் எஃப்1 என்ற கார் 1992 முதல் 1998 வரை மொத்தம் 106 மட்டுமே தயாரிக்கப்பட்டது. அதைச் சர்வீஸ் செய்ய, காம்பாக் எல்டிஇ 5280 என்ற 1990-களின் லேப்டாப்பையே மெக்லாரன் இன்னும் பயன்படுத்துகிறது என்று 2016-ல் செய்தி வந்தது. காரணம், காருடன் பேசத் தேவையான தனிக் கார்டு அந்த லேப்டாப்புக்கென்றே செய்யப்பட்டது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலை. எனவே நீங்கள் பார்க்கும் காருக்கு உரிய கருவியும் அதை இயக்கத் தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். பணம் கொடுக்கும் முன் அவரை வைத்தே காரைச் சோதியுங்கள்.

முடிவு என்ன?

என் தங்கை மகன் பார்த்த இரண்டாவது காரில் மைல் கணக்கு சரியாக இருந்தது. கிளட்ச் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. கடைசியாகப் பெல்ட் மாற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கார் மோசமில்லை. ஆனால் முதல் வருடத்திலேயே பெல்ட்டும் கிளட்சும் போட்டால், வீட்டுக்காக வைத்திருந்த மீதிப் பணத்திலும் கை வைக்க வேண்டும் என்று அவன் போட்ட அட்டவணையே சொன்னது. "இப்போ வேணாம் மாமா, வீடு முடியட்டும்" என்றான். தொகையை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்காக அந்த பைலை மட்டும் வைத்திருக்கிறான்.

நம் ஊரில் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்குவதற்கும் இதே வழிதான். பதிவு தேதியையும் இன்ஷூரன்ஸையும் பரிவாகன் தளத்தில் பாருங்கள். 2013-க்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் ஓபிடி-2 சாக்கெட் உண்டு. செலவு அட்டவணையில் பெயர்களையும் தொகைகளையும் மாற்றினால் போதும், பார்முலா அப்படியே இருக்கும்.