சிரிப்புக்குள் ஒரு கேள்வி: ஹார்வி கர்ட்ஸ்மனின் கலைப்பயணம்

சூப்பர்மேனுக்கு மலையைப் பெயர்க்கும் பலம் உண்டு. சரி, அவன் நல்லவனாகவும் இருப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சிறுவயதில் நம்மில் யாருக்கும் தோன்றாத இந்தக் கேள்வியை, 1953-ஆம் ஆண்டிலேயே எட்டுப் பக்கச் சித்திரக்கதை ஒன்றில் கேட்டவர் ஹார்வி கர்ட்ஸ்மன் என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திர ஓவியர். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

கடந்த ஆண்டு நம் கழகத்தின் கலை இரவில் நானும் நண்பர்களும் ஒரு குறுநாடகம் படைத்தோம். திரைப்பட நாயகன் ஒருவனைக் கேலி செய்வதே கதை. கறுப்புக் கண்ணாடி, மெதுநடை, ஒரே உதையில் பத்து அடியாட்கள் பறப்பது என எல்லாம் இருந்தன. மண்டபமே சிரித்தது. முடிந்ததும் முன்னாள் மாணவரான அண்ணன் ஒருவர் என் தோளைத் தட்டி, “நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா, என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடியபோது நினைவுக்கு வந்தது என் தாய்மாமாவின் அட்டைப்பெட்டி. தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பில் மலாய்மொழியோடு திணறிக்கொண்டிருந்த எனக்கு, அதிலிருந்த பழைய ‘கிலா-கிலா’ இதழ்களே பாதி ஆசிரியர். 1978-இல் தொடங்கப்பட்ட அந்த மலாய் நகைச்சுவை இதழுக்கு முன்மாதிரி அமெரிக்காவின் ‘மேட்’ இதழ். அந்த ‘மேட்’ இதழை உருவாக்கியவர்தான் கர்ட்ஸ்மன்.

போர்க்கதையிலிருந்து நகைச்சுவைக்கு

கர்ட்ஸ்மன் 1924-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். 1950-ஆம் ஆண்டளவில் ‘ஈசி காமிக்ஸ்’ நிறுவனத்தில் போர்க்கதைகளை எழுதித் தொகுக்கும் பணியில் இருந்தார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மற்ற போர்க்கதைகள் வீரத்தைப் பாட, இவருடைய கதைகள் போரின் கொடுமையைக் காட்டின. ஒரு துப்பாக்கியை வரைவதற்கும் நாள்கணக்கில் ஆராய்ச்சி செய்வார். வேலை மெதுவாக நடக்கும். ஆகவே வருமானமும் குறைவு. கூடுதல் வருமானம் வேண்டும் என்று அவர் கேட்க, ஆராய்ச்சி தேவைப்படாத நகைச்சுவை இதழ் ஒன்றைச் செய்யலாமே என்றார் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ். இவ்வாறு 1952-இல் பத்து காசு விலையில் பிறந்ததே ‘மேட்’.

எட்டுப் பக்க அதிர்வேட்டு

முதல் இதழ்கள் சரியாக விற்கவில்லை. 1953-இல் வந்த நான்காவது இதழ் நிலைமையை மாற்றியது. அதில் கர்ட்ஸ்மன் எழுதி, வாலி வுட் வரைந்த ‘சூப்பர்டூப்பர்மேன்’ கதை வெளிவந்தது.

மூலக்கதையின் கிளார்க் கென்ட், இங்கே கூனிக் குறுகிய ‘கிளார்க் பென்ட்’ ஆகிறான். நாளிதழ் அலுவலகத்தில் எச்சில் கலங்களைச் சுத்தம் செய்பவன். சேமிப்பையெல்லாம் செலவழித்து அவன் வாங்கித் தரும் முத்துமாலைக்குப் பிறகும் லோயிஸ் அவனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஊடுருவிப் பார்க்கும் சக்தி கிடைத்தும் அதை அவன் எதற்குப் பயன்படுத்துகிறான்? பெண்களின் கழிவறைச் சுவருக்குள் எட்டிப் பார்க்க! கடைசியில் எதிரியை வென்று, தான்தான் சூப்பர்டூப்பர்மேன் என்று மார்தட்டி நிற்கிறான். அப்போதும் லோயிஸ் மயங்கவில்லை. உடையை மாற்றினாலும் நீ அதே அற்பன்தான் என்னும் பொருள்படச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறாள்.

கதையின் எதிரியும் சாதாரணமானவன் அல்லன். அவன் பெயர் கேப்டன் மார்பிள்ஸ். அன்று புகழ்பெற்றிருந்த கேப்டன் மார்வெலின் நகல். சூப்பர்மேனைப் பார்த்துக் கேப்டன் மார்வெலை உருவாக்கிவிட்டார்கள் என்று 1941-இல் தொடுக்கப்பட்ட வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 1953-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. ஃபாசெட் நிறுவனம் இழப்பீடு கொடுத்துக் கேப்டன் மார்வெலை நிறுத்தியது. இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றத்தில் போட்ட சண்டையைக் கர்ட்ஸ்மன் இரண்டு நாயகர்களின் குத்துச்சண்டையாக்கினார். அவருடைய கேப்டன் மார்பிள்ஸ் நன்மை செய்வதை விட்டுவிட்டுப் பணத்துக்காகவே அலைபவன். பெரியவர்களின் வணிகப் போட்டியைச் சிறுவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிட்டார்.

கேலியின் இலக்கணம்

அடுத்து வந்த ‘பேட்பாய் அண்ட் ரூபின்’ கதையில், வௌவால் வேடமிட்ட நாயகன் இறுதியில் இரத்தம் குடிக்கும் உண்மையான வௌவாலாகவே மாறி நிற்கிறான். வொண்டர் வுமனும் தப்பவில்லை.

இந்தக் கதைகளில் ஓர் ஒழுங்கைக் காணலாம். முதலாவது, மூலத்தை நன்கு அறிந்திருத்தல். கர்ட்ஸ்மன் ஒவ்வொரு பக்கத்தின் அமைப்பையும் தாமே வரைந்து கொடுப்பார். ஓவியர் அதிலிருந்து விலகக்கூடாது. மூலக்கதையைப் போலவே தெரிந்தால்தான் கேலி பலிக்கும். இரண்டாவது, மூலம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டல். பலம் வந்தால் குணமும் வந்துவிடுமா? இந்தக் கேள்வி இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் வேடம்தான்.

கொடுத்த விலை

சித்திரக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று 1954-இல் அமெரிக்காவில் பெரும் எதிர்ப்புக் கிளம்பி, தணிக்கை விதிகள் வந்தன. 1955-இல் ‘மேட்’ பெரிய அளவிலான சஞ்சிகையாக மாறியதால், அந்த விதிகள் அதைத் தொடவில்லை. ஆனால் மறு ஆண்டே கர்ட்ஸ்மன் வெளியேறினார். இதழில் 51 விழுக்காட்டு உரிமை கேட்டார், கெய்ன்ஸ் மறுத்துவிட்டார்.

1938-இல் சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் அதன் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றவர்கள். அந்த நாயகனைக் கேலி செய்தவருக்கும் தாம் படைத்ததன்மீது உரிமை கிட்டவில்லை. அவர் போன பிறகு ‘மேட்’ வளர்ந்து, 1970-களில் இருபது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவரோ ‘டிரம்ப்’ என்னும் இதழைத் தொடங்கினார். இரண்டே இதழ்களில் நின்றது. நண்பர்களோடு சொந்தப் பணத்தைப் போட்டு நடத்திய ‘ஹம்பக்’ பதினோர் இதழ்களோடு முடிந்தது. 1960 முதல் 1965 வரை ‘ஹெல்ப்!’ இதழை நடத்தினார். அதில் வந்த ஒரு கதையில், மனிதர்கள்மீது நம்பிக்கை இழந்த சூப்பர்மேன் தாடி வளர்த்துக்கொண்டு காட்டில் வாழ்கிறான். அந்தச் சலிப்பில் கர்ட்ஸ்மனின் சொந்த வாழ்வும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனாலும் அவர் விதைத்தது வீணாகவில்லை. ராபர்ட் கிரம்ப் போன்ற இளம் ஓவியர்களுக்கு ‘ஹெல்ப்!’ இடம் கொடுத்தது. பின்னாளில் திரைப்பட இயக்குநரான டெர்ரி கில்லியம் அங்கே துணையாசிரியராக இருந்தவர். 1986-இல் வெளிவரத் தொடங்கிய ‘வாட்ச்மென்’ தொடரின் எழுத்தாளர் ஆலன் மூர், ‘சூப்பர்டூப்பர்மேன்’ தம்மைப் பாதித்ததாகக் கூறியுள்ளார். 1973 முதல் நியூயார்க்கின் ஓவியக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திய கர்ட்ஸ்மன் 1993-இல் மறைந்தார். அவர் பெயரால் 1988 முதல் சித்திரக்கதை விருதுகள் வழங்கப்பட்டு வருகின்றன.

நமக்கு என்ன?

அன்பு வாசகர்களே, அந்த நாடகத்தை மீண்டும் படைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரே ஒரு காட்சியை மட்டும் சேர்ப்பேன். உதை வாங்கிய பத்து அடியாட்களில் ஒருவன் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். “இன்னிக்காவது சம்பளம் கொடுத்தாங்களா?” என்று மனைவி கேட்கிறாள். அவ்வளவுதான். மண்டபம் அப்போதும் சிரிக்கும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யாராவது ஒருவர், நாயகன் ஏன் அவனைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று நினைத்துப் பார்ப்பார்.

அண்ணன் கேட்ட கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த பதில் இது. இந்த ஆண்டுக் கலை இரவுக்கு அவர் வருவார் என்று நம்புகிறேன்.