மருந்து முடிந்தும் ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’ வருவது ஏன்?

இரண்டு வாரம் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி, வயிற்றெரிச்சலும் அடங்கிய பிறகு, ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச். பைலோரி பாசிட்டிவ்’ என்று வந்தால் யாருக்கும் மனம் சோர்ந்துபோகும். மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, மறுபடி ஆன்டிபயாட்டிக் தொடங்குபவர்களும் உண்டு. அவசரம் வேண்டாம். கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த ரிப்போர்ட் சாட்சி ஆகாது.

ரத்தம் காட்டுவது எதை?

ஹெலிகோபாக்டர் பைலோரி, இரைப்பையின் சளிப்படலத்தில் குடியிருக்கும் பாக்டீரியா. வயிற்றுப் புண்ணில் இதற்குள்ள பங்கைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது காரணமாகலாம். அதனால், சிகிச்சைக்குப் பின் கிருமி ஒழிந்ததா என்று உறுதிசெய்தே ஆக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஐஜிஜி ஆன்டிபாடிகளையே தேடுகிறது. கிருமி அழிந்த பிறகும் அவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ரத்தத்தில் தங்கியிருக்கும்.

அளவு குறைவதை வைத்துச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் நிபந்தனைகள் பல. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் காட்டும் கிட் இதற்கு உதவாது. ஆன்டிபாடியின் அளவு எண்ணாகத் தெரிய வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தின் சீரத்தை உறைநிலையில் பாதுகாத்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்து எடுத்த மாதிரியுடன் சேர்த்து, ஒரே முறையில் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். அளவு பாதியாக இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. இரண்டு லேப்கள் தந்த எண்களை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். பழைய ரத்தத்தை யார் இப்படிப் பத்திரப்படுத்துகிறார்கள்? ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும் இந்த வழி, சாதாரண நோயாளிக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

எதைக் கேட்டுச் செய்வது?

யூரியா மூச்சுப் பரிசோதனை, அல்லது மலத்தில் செய்யும் ஆன்டிஜென் பரிசோதனை. இரண்டும் இப்போது இருக்கும் கிருமியைக் காட்டுபவை. மூச்சுப் பரிசோதனையில் அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். கிருமி இருந்தால் அதன் நொதி யூரியாவை உடைக்கும். அந்த அடையாளம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவில் வெளிப்படும்.

ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே இவற்றைச் செய்ய வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை, மருத்துவரைக் கேட்டு, இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘நெகட்டிவ்’ வரலாம். இந்தப் பரிசோதனையிலும் பாசிட்டிவ் வந்தால், பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருவதால், அடுத்த முறை வேறு மருந்துகளை மருத்துவர்தான் தேர்ந்து தர வேண்டும்.