சேறும் சோறும்

"காசைக் கொடுத்துச் சேற்றில் புரள்வதற்கு ஒரு பந்தயமா?" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் நகைக்கிறார்கள். அவர்கள் நகைப்பதில் தவறில்லை. ஆயினும் அந்தச் சேற்றுக்கும் நம் அடுப்பில் வேகும் சோற்றுக்கும் உள்ள உறவு எண்ணிப் பார்க்கத் தக்கது. உயிர்வேதியியல் பயிலும் மாணவி நான். அத்தகைய பந்தயம் ஒன்றை ஓடி முடித்தவளும் கூட. இந்த இரண்டு உரிமையாலும் அவ்வுறவை இங்கே விளக்க விரும்புகிறேன்.

தடைப் பந்தயம் என்றால் என்ன?

சாலையை விட்டு விலகி, மேட்டிலும் பள்ளத்திலும் காட்டுப் பாதையிலும் ஓடுவது. இடையிடையே வைத்துள்ள தடைகளைக் கடப்பது. இவ்வளவே தடைப் பந்தயம். ஆளுயரத்தை விஞ்சிய சுவரில் ஏற வேண்டும். கம்பி வலைக்கு அடியில் தவழ வேண்டும். மணல் மூட்டையைச் சுமக்க வேண்டும். தொங்கும் கம்பிகளைக் கைமாற்றிப் பிடித்துக் குட்டையைத் தாண்ட வேண்டும்.

இதன் வேர் படைவீரர் பயிற்சியில் இருக்கிறது. ஃபிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் என்பவர், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சுமத்தல், எறிதல், நீந்துதல் முதலிய இயல்பான அசைவுகளைக் கொண்டே உடலைப் பயிற்றும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். பொதுமக்கள் ஓடும் பந்தயமாக இங்கிலாந்தில் 'டஃப் கை' 1987இல் தொடங்கிற்று. அமெரிக்காவில் 'டஃப் மடர்', 'ஸ்பார்ட்டன்' ஆகியவை 2010இல் தோன்றின. நம் நாட்டில் 2012இல் தொடங்கிய 'டெவில்ஸ் சர்க்யூட்' 5 கி.மீ. தூரமும் 15 தடைகளும் கொண்டது. ஒலிம்பிக் ஐவகைப் போட்டியில் பாரிஸ் 2024 வரை இருந்த குதிரையேற்றத்துக்கு மாற்றாக, லாஸ் ஏஞ்சல்ஸ் 2028இல் தடை ஓட்டம் இடம்பெற இருக்கிறது. ஆகவே இதை வெறும் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரத்தத்தில் இருந்த குறை

எனக்கு வயது 23. முதுகலை முதலாண்டில், நான்காம் மாடியில் உள்ள ஆய்வுக் கூடத்துக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். பரிசோதித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் அளவு 9.8 என்று வந்தது. என் வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறையலாகாது. நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை உண்டு. இதைப் படிக்கும் சகோதரிகளில் பாதிப்பேர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஹீமோகுளோபினின் நடுவே இருப்பது இரும்பு. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றித் தசைக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. இரும்பு குறைந்தால் பிராணவாயு குறையும். பிராணவாயு குறைந்தால் படியேறுவதும் மலையேறுவது போலாகும். மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். சோகை வந்தபின் உணவு மட்டுமே போதும் என்று எண்ணுதல் கூடாது, மாத்திரை தேவை. ஆனால் மாத்திரை நின்றபின் குறை திரும்பாமல் காப்பது உணவுதான்.

அடுக்களையில் வேதியியல்

அந்த ஆண்டே விடுதியை விட்டு, முனீர்க்காவில் ஓர் அறை எடுத்து, மூன்று பெண்கள் சேர்ந்து சமைக்கத் தொடங்கினோம். ஓர் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி, இட்லிக் கொப்பரை ஒன்று; இவையே எங்கள் சொத்து. ஊர்ச் சாமான் வேண்டுமானால் ஐ.என்.ஏ. சந்தைக்குப் போவோம். ஆனால் எல்லாம் ஊரிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. நம் கம்புதான் இங்கே பாஜ்ரா. பக்கத்து ஹரியானாவில் விளைவது. பனிக்காலத்தில் வெந்தயக் கீரையும் கடுகுக் கீரையும் மலிந்து கிடக்கும். கொண்டைக் கடலை எந்தக் கடையிலும் உண்டு.

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. அவற்றிலுள்ள ஃபைட்டேட் முதலிய பொருள்கள் அதைப் பிடித்து வைத்துக் கொள்கின்றன. இங்கே நம் முன்னோர் வழக்கம் துணைக்கு வருகிறது. ஊறவைத்தலும் புளிக்க வைத்தலும் முளைகட்டுதலும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. இரவெல்லாம் புளித்த இட்லி மாவும், கம்பங்கூழும், முளைகட்டிய பயறும் நாவுக்கு மட்டுமன்றி இரத்தத்துக்கும் நல்லவை. வைட்டமின் சி இன்னொரு துணை. அதே வேளையில் உண்ணும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இரும்பை உடல் ஏற்கும்படி செய்கிறது. கொய்யாவில் ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு வைட்டமின் சி உண்டு. இதற்கு நேர் எதிரி தேநீர். சாப்பிட்ட கையோடு குடித்தால் அதிலுள்ள பொருள்கள் இரும்பைத் தடுத்துவிடும். ஆதலால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது எங்கள் அறையின் சட்டமாயிற்று.

அடுத்தது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 42 கிராம். பயிற்சி செய்பவர் கிலோவுக்கு 1.2 கிராம், அதாவது 60 கிராம் என வைத்துக் கொள்ளலாம். இதற்கு விலையுயர்ந்த புரதமாவு டப்பா வேண்டுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். அரிசியும் கோதுமையும் சேர்ந்து 250 கிராமில் 22. பருப்பு 60 கிராமில் 13. நிலக்கடலை ஒரு கைப்பிடியில் 7. முட்டை ஒன்றில் 6. தயிர் ஒரு பெரிய கிண்ணத்தில் 6. ஆக 54 கிராம். இன்னொரு முட்டையோ மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால் 60 ஆயிற்று. தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சாம்பார் சாதத்தின் இரகசியம் இதுவே.

குடமும் கம்பியும்

உண்டால் மட்டும் போதாது. உடலை வருத்தவும் வேண்டும். மருத்துவர் இசைந்தபின் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தேன். வாரத்தில் மூன்று நாள் விடியலில் சஞ்சய் வனத்து மண் பாதையில், முதலில் நடையும் ஓட்டமும் மாறிமாறி, பிறகு முழு ஓட்டம். மண் பாதையில் ஒவ்வோர் அடியும் வெவ்வேறாக விழுவதால் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளும் உழைக்கின்றன. மற்ற இரண்டு நாள் பலப்பயிற்சி. இரு கையிலும் நீர் நிறைந்த வாளிகளோடு படியேறுவது மணல் மூட்டைக்கு ஒத்திகை. பூங்காவின் இரும்புக் கம்பியில் தொங்குவது பிடிமானத்துக்கு. முதல் நாள் 8 வினாடி தொங்கினேன். பன்னிரண்டாம் வாரத்தில் 40 வினாடி. தடைகளில் பலரை வீழ்த்துவது காலன்று, கைதான் என்பதை நினைவில் கொள்க.

அம்மாவின் கேள்வி

செய்தி அம்பாசமுத்திரத்துக்கு எட்டியது. தொலைபேசியில் அம்மா கேட்டாள்: "ஏட்டி, வயக்காட்டுச் சேறு என்னோட போகட்டும்னுதான ஒன்னைய அம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புனேன்? நீ காசு குடுத்துச் சேத்துல எறங்கப் போறியாக்கும்?"

நடவுச் சேற்றில் நின்று என்னைப் படிக்க வைத்தவள் கேட்ட இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. அவள் இறங்கிய சேறு வயிற்றுக்காக. நான் இறங்கும் சேறு விருப்பத்துக்காக. இரண்டையும் ஒன்றென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "அம்மா, நீங்க என்னைக்காவது இரத்தம் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். குனிந்து நட்டு, சுமந்து, எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் மிஞ்சியதை உண்டவள் அவள். சோதித்ததில் அவளுக்கு 9.1. இப்போது அவளும் மாத்திரை உண்கிறாள். சாப்பிட்டவுடன் காப்பி குடிப்பதை நிறுத்தியிருக்கிறாள். என் பந்தயத்தின் பெரும் பரிசு அதுதான்.

பந்தய நாள்

உடலில் சேமித்த மாவுச் சத்து தசையில் 400 கிராம் அளவும் ஈரலில் 100 கிராம் அளவும் இருக்கும். ஓட்டத்துக்கு, கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓட 250 கலோரி. தடைகளுக்கு இன்னும் சிறிது. முதல் நாள் இரவு உண்ட சோறே இதற்குப் போதும். வயிறு புடைக்க உண்பது வீண். பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு மூன்று இட்லி உண்டேன். நெய்ப் பொங்கலும் வடையும் அன்றைக்கு ஆகா; கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். முடித்தபின் உப்பிட்ட நீர்மோரும் தயிர்ச் சோறும். தாகத்துக்கு மிஞ்சி வெறும் நீரையே குடித்துக் கொண்டிருப்பதும் தீங்கு. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

15 தடைகளில் 13ஐக் கடந்தேன். உயரச் சுவரில் என் கை எட்டவில்லை. முன்பின் அறியாத ஒருவர் குனிந்து தோள் கொடுத்தார். மேலேறியபின் அடுத்தவருக்கு நான் கை கொடுத்தேன். மொழி தெரியாத ஊரில் நமக்கு வேண்டிய பாடம் இதிலும் இருக்கிறது.

எச்சரிக்கை சில

இதய நோயோ மூச்சுத் திணறலோ உடையவர் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. டெட்டனஸ் ஊசி காலம் கடவாமல் இருக்கட்டும். பருத்திச் சட்டை நீரை ஏந்திக் கனக்கும். விரைவில் உலரும் துணியே தக்கது. சேற்று நீர் வாயில் புகாமல் காத்துக் கொள்க. காயத்தை உடனே நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவுக. எலிக்காய்ச்சல் இத்தகைய நீரால் வரக்கூடும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்க.

நண்பர்களே, எல்லாரும் பந்தயத்துக்கு வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. நுழைவுக் கட்டணம் மாணவர் பைக்குச் சுமைதான். ஆனால் சஞ்சய் வனத்து மண்ணுக்குக் கட்டணமில்லை. ஊறவைத்த கடலைக்குச் செலவு அதிகமில்லை. வீட்டைவிட்டு இரண்டாயிரம் கி.மீ. தள்ளி வந்து அறிவை வளர்க்கும் நாம், அந்த அறிவைச் சுமக்கும் உடலைப் பட்டினி போடலாமா? இந்த வாரமே ஒரு நாள் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். ஒரு நாள் நான்குபேர் சேர்ந்து சமையுங்கள். பிறகு ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்குமுன் நீங்கள் அவளைக் கேளுங்கள்.