எந்த மூலையில மொண்டீங்க சார்?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். சரி, ஓர் அணைத் தண்ணிக்கு ஒரு டம்ளர் பதமா? ஊஹூம்! சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் தாலுகாவில் இருக்கும் நாகமரைக்கு பஸ் ஏறுங்கள்.

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை இருப்பது என்னவோ சேலம் மாவட்டத்தில். ஆனால், தேங்கிய தண்ணீர் பின்னாலேயே ஏறி வந்து தர்மபுரி மாவட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி.! நாகமரை, ஒட்டனூர், ஏமனூர் எல்லாம் இதன் கரையில் இருக்கும் ஊர்கள்தான்.

நான் போனபோது கையில் இரண்டு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள். நடு ஆழத்தில் ஒன்று, கரைக்குள் தண்ணி வளைந்து புகுந்த மூலையில் ஒன்று என்று மொண்டேன்.

"எதுக்கு சார், ஊறுகாய் போடவா?" என்றார் பரிசல்காரர்.

"இல்லீங்கண்ணே, உசுரு பாக்க!"

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில பச்சை கட்டினா வாடை வரும் சார். மாட்டுக்குக்கூட காட்ட மாட்டோம்" என்றார்.

அந்த உசுருக்குப் பெயர் பிளாங்டன். தமிழில் மிதவை உயிரிகள். 1887-ல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் 'நாடோடி' என்று அர்த்தம். எதிர்நீச்சல் போடத் தெம்பில்லை. தண்ணி இழுத்த பக்கம் போகிற ஜாதி. (நம்ம ஆபீஸிலும் சிலர் உண்டு!) இதில் தாவர வகை வெயிலில் சமைக்கும். விலங்கு வகை அதை மேயும். அதை கட்லா மீன் சாப்பிடும். கட்லாவை... நாம்தான்!

இடத்துக்கு இடம் ஏன் மாறுது? ஒகேனக்கல் பக்கம் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கிறது. நின்று குடும்பம் நடத்த நேரமில்லை. மூலையிலோ தண்ணி நகராது, ஆழமும் இல்லை, சீக்கிரம் சூடேறும். தண்ணி வடிந்த நிலத்தில் விதைத்த பயிரின் தட்டையும், போட்ட உரமும் அணை ஏறும்போது மூழ்கி பாசிக்கு விருந்தாகும். போதாக்குறைக்கு, மிதக்கிற பாசியை எல்லாம் காற்று ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். நடுவில் தெளிவு, மூலையில் பச்சை பெயின்ட்!

நேரத்துக்கு நேரமும் மாறும். விலங்கு வகையில் பலதும் பகலில் மீனுக்கு பயந்து ஆழத்தில் பதுங்கும். இருட்டினால் மேலே வரும். நைட் ஷிப்ட்!

ராத்திரி முழுக்க பாட்டில்களைக் குலுக்காமல் வைத்தேன். காலையில் மூலைத் தண்ணியின் மேலே மட்டும் பச்சை ஏடு. இப்படி மேலே மிதந்தால் அநேகமாக நீலப்பச்சைப் பாசி. உடம்பில் குட்டிக் குட்டி காற்றுப் பைகள் வைத்திருக்கும்.

"காய்ச்சிக் குடிச்சா போச்சு!" என்றாள் என் மனைவி.

அங்கேதான் ஆபத்து. இதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும். காய்ச்சினால் பாசி சாகும், விஷம் சாகாது. செத்த பாசி உடைந்து, உள்ளே இருந்த விஷமும் தண்ணியில் கலக்கும். எது விஷப் பாசி, எது சாதுப் பாசி என்று கண்ணால் சொல்லவும் முடியாது. ஆகவே பச்சை கட்டிய தண்ணியைக் குடிக்காதீர்கள், குளிக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

நாளைக்கு யாராவது ஒரே ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "தண்ணி ஓ.கே.!" என்று சொன்னால், கரையோர ஊர்க்காரர்கள் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்:

"எந்த மூலையில, எத்தனை மணிக்கு மொண்டீங்க சார்?"